சட்டைப்பைக்குள் அச்சம்

மனிதன் ஆக்கிய கருவிகளிற் பெரும்பாலானவை அவனுடைய ஆற்றலைப் பெருக்குவதற்காகத் தோன்றியவை. கலப்பை அவன் கையைப் பெருக்கிற்று. சக்கரம் அவன் காலைப் பெருக்கிற்று. அச்சு இயந்திரம் அவன் நாவைப் பெருக்கிற்று. அவனுடைய அச்சத்தைச் சுருக்கி, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவதற்கென்றே தோன்றிய கருவி ஒன்றும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு கைத்துப்பாக்கியையே கூறுகிறோம்.

அணுகுண்டைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம், ஊர்வலம் போயிருக்கிறோம். பீரங்கி வியாபாரிகளின் இலாபக் கணக்கை மேடைதோறும் பேசியிருக்கிறோம். ஆனால் இந்தச் சிறு பொருளைப் பற்றி முற்போக்காளர் அதிகம் சிந்தித்ததில்லை. இதற்குக் காரணம் என்ன? பீரங்கி அரசாங்கத்தின் பொருள். சட்டைப்பைத் துப்பாக்கி தனிமனிதனின் சொந்த விவகாரம் என்றொரு எண்ணம் நம்முள் இருக்கிறது. கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் போல அதுவும் ஒருவருடைய உடைமை, அதில் சமுதாயத்துக்கு என்ன வேலை என்று எண்ணிவிடுகிறோம். இன்னொருவன் உயிரை எடுப்பதற்கென்று செய்யப்பட்ட ஒரு பொருள் எப்படி ஒருவனுடைய சொந்த விவகாரமாக மட்டும் இருக்க முடியும்? இக்கேள்வியோடு நாம் தொடங்குவோம்.

நாம் வாழும் சொறிக்கல்முனை, கல்முனையிலிருந்து உள்நோக்கிச் சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால், வயல்களின் நடுவே தென்படும் சிற்றூர். ஊரின் அடையாளம் திருச்சிலுவைக் கோயில். சுற்றிலும் கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை என்று பெரிய முஸ்லிம் ஊர்கள். இடையிடையே வீரமுனை முதலான தமிழ் ஊர்கள். எல்லோருக்கும் வாழ்வு தருவது ஒரே நெல். எல்லோரும் பேசுவது ஒரே தமிழ். இந்த நாட்டுப்புறத்திலே துப்பாக்கி புதுமையான பொருளன்று. ‘துவக்கு’ என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். வேளாண்மை விளைந்துவரும் காலத்தில் யானையும் பன்றியும் வட்டைக்குள் இறங்கும். அவற்றை விரட்டப் போடியார் வீடுகளில் ஒரு நீளத் துவக்கு இருக்கும். அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டு. அன்று கச்சேரியிலும் இன்று மாவட்டச் செயலகத்திலும் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். எந்த வீட்டில் துவக்கு இருக்கிறது என்பது ஊர் முழுவதற்கும் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தெருவில் இறங்கினால், ‘எங்கே போகிறீர்?’ என்று கேட்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். அந்தக் கேள்வியே ஒரு காவல்.

நீளத் துவக்கிலே குற்றமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கட்டுத்துவக்கில் கால் இடறி இறந்த ஏழை விவசாயிகள் நம் மாவட்டத்தில் உண்டு. பன்றிவெடியைக் கடித்து, வாய் சிதைந்து, பட்டினியால் நாட்கணக்கில் துடித்துச் சாகும் யானைக் கன்றுகளின் கதை நெஞ்சைப் பிளக்கும். எனினும், ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். நீளத் துவக்கு வீட்டுக்குரியது. அனைவரும் காண இருப்பது. சட்டைப்பைத் துப்பாக்கி ஆளுக்குரியது; எவரும் காணாதிருப்பதே அதன் சிறப்பு.

அதன் கவர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எதிரியின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்து வைத்த பின்னரே மறுக்க வேண்டும் என்பது அறிவு நேர்மை.

நமக்குத் தெரிந்த ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். அரிசி ஆலை வைத்திருப்பவர். பெரும்போக அறுவடைக் காலத்தில் நெல் கொள்வனவுக்காகப் பெருந்தொகைப் பணத்துடன் வயற்பாதைகளில் மாலை நேரத்திற் பயணம் செய்ய வேண்டியவர். ஒரு நாள் நம்மிடம் வந்து, “மாஸ்டர், பாதுகாப்பு அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரணும். பெரிய துவக்கு ஒண்டும் வேணாம். சட்டைப் பொக்கற்றுக்குள்ள கெடக்கிற மாதிரி ஒரு சின்னது. சுடுறதுக்கில்ல மாஸ்டர், அது கெடந்தா மனசுக்கு ஒரு தைரியம்” என்றார்.

அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. இந்த மண்ணில் அச்சம் ஒரு கற்பனையன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் வெடித்த குண்டுகள் குழந்தைகளையும் சேர்த்துப் பலிகொண்டன. இத்தனையும் கண்ட மக்கள் ‘மனசுக்கு ஒரு தைரியம்’ கேட்கும்போது, ‘அச்சம் வேண்டாம்’ என்று உபதேசம் செய்வது எளிது. ஆனால் அது பதிலாகாது.

ஆகவே அவரோடு உட்கார்ந்து அந்தப் பொருளை ஆராய்ந்தோம். அதன் நன்மைகள் என்ன? பாரம் குறைவு. சுடும்போது கையை உதைப்பதும் குறைவு. முதியவரும் மெலிந்தவரும் கையாளலாம். மறைத்து வைப்பது எளிது. இவையனைத்தும் உண்மை. இந்த எளிமை தற்செயலாக வந்ததன்று. ஒரு நூற்றாண்டுக் கால உழைப்பின் பயன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கித் தொழிலாளி, சட்டைப்பைக்கு ஏற்ற ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகளைச் செய்து புகழ்பெற்றார். பின்னர் ஜோன் பிரௌணிங் என்ற மற்றோர் அமெரிக்கர் பெல்ஜியத்து எஃப்.என். தொழிற்சாலைக்காகத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் சிறு துப்பாக்கிகளை வகுத்துக் கொடுத்தார். 1900ஆம் ஆண்டளவில் 7.65 மில்லிமீற்றர்த் துப்பாக்கி சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் 6.35 மில்லிமீற்றர்த் துப்பாக்கி வந்தது. அதன் நீளம் நாலரை அங்குலம். குழல் இரண்டே அங்குலம். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. ஐரோப்பாவின் வணிகர்களும் வழக்கறிஞர்களும் சீமாட்டிகளும் அதை விரும்பி வாங்கினார்கள். மூக்குப்பொடிச் சிமிழ் இருந்த பையிலே துப்பாக்கி குடிபுகுந்தது.

இனி அதன் குறைகளைப் பார்ப்போம். பௌதிகம் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. 6.35 மில்லிமீற்றர்க் குண்டின் நிறை ஏறத்தாழ மூன்றேகால் கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் சக்தி சுமார் 90 யூல். படையினர் இடுப்பில் அணியும் 9 மில்லிமீற்றர்த் துப்பாக்கியின் குண்டுக்கு 450 முதல் 500 யூல் வரை உண்டு. பழைய .303 ரைபிளின் குண்டுக்கோ மூவாயிரம் யூலுக்கு மேல். ஆகவே வெறிகொண்டு பாய்ந்து வரும் ஒருவனை அந்தக் கணமே நிறுத்திவிடும் என்ற உறுதியைச் சிறு குண்டு தருவதில்லை. குழல் குறுகியதாதலால் குறிபார்க்கும் முனைகளுக்கிடையே தூரமும் குறைவு. கை மயிரிழையளவு நடுங்கினாலும் பத்தடிக்கு அப்பால் குறி தவறும். உயிருக்கு அஞ்சி நிற்பவனின் கை நடுங்காதிருக்குமா? .22 வகைத் தோட்டாவிலே தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பில் பூசப்பட்டிருக்கும். அது சீராகப் பரவாதிருந்தால், வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் ஏமாற்றுவதும் உண்டு. சட்டைப்பையில் வியர்வையும் பஞ்சுத்தூசும் சேரும். நமது கரையோரத்து உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதைச் சைக்கிள் வைத்திருப்பவர் யாரும் அறிவர்.

இவ்வளவு வலுவற்ற பொருள் என்றால் அதனால் ஆபத்தும் குறைவுதானே என்று ஒரு மாணவர் கேட்கலாம். இங்கேதான் இதன் முழுக் கொடுமையும் இருக்கிறது. நிறுத்துவதற்கு ஆற்றலற்ற குண்டு, கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் போதிய ஆற்றல் உடையது. 1968 ஜூன் 5ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விடுதியொன்றின் சமையற்கூட வழியிலே ரொபேர்ட் கென்னடியைக் கொன்றது .22 சுழல் துப்பாக்கிதான். அதன் எட்டுக் குண்டுகளால் கென்னடியைத் தவிர மேலும் ஐவர் காயமுற்றனர். 1981 மார்ச் 30ஆம் திகதி ஜனாதிபதி ரீகனைச் சுட்டதும் .22 துப்பாக்கியே. அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் அடிபட்டு, எஞ்சிய வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். 2014இல் அவர் இறந்தபோது, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் காயமே மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவப் பரிசோதகர் தீர்ப்பளித்தார். ஒரு சிறு குண்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் நடந்து சென்று ஒருவரைக் கொன்றது!

ரீகன் சுடப்பட்ட நிகழ்ச்சியில் மற்றொரு பாடமும் உண்டு. அன்று அவரைச் சூழ்ந்து நின்றவர்கள் உலகிலேயே சிறந்த பயிற்சி பெற்ற மெய்க்காவலர். அவர்களிடம் சட்டைப்பை விளையாட்டுப் பொருளன்றி, உண்மையான ஆயுதங்களே இருந்தன. இருந்தும், சுட்டவன் தன்னிடமிருந்த ஆறு குண்டுகளையும் இரண்டு விநாடிகளுக்குள் சுட்டுத் தீர்த்தான். அவர்களுடைய துப்பாக்கிகள் அந்த ஆறு குண்டுகளில் ஒன்றையேனும் தடுக்கவில்லை. அவர்கள் தம் உடல்களால் தடுத்தார்கள். அத்தகையோருக்கே முடியாத ஒன்று, அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுதும் நின்று களைத்து வீடு திரும்பும் ஒரு மனிதருக்கு முடியுமா?

இதிலிருந்து நாம் ஓர் உண்மைக்கு வருகிறோம். சட்டைப்பைத் துப்பாக்கியின் நன்மைகள் யாவும் தாக்குபவனுக்கு உரியவை. அதன் குறைகள் யாவும் தற்காப்பவனுக்கு உரியவை. நேரத்தைத் தெரிந்தெடுப்பவன் தாக்குபவன். இடத்தைத் தெரிந்தெடுப்பவனும் அவனே. குண்டு வலுவற்றது என்பது அவனைப் பாதிப்பதில்லை; ஏனெனில் ஆயுதம் மறைந்திருப்பதால் அவன் நெருங்கி வந்துவிடுகிறான். குறி தவறும் என்பதும் அவனைப் பாதிப்பதில்லை. மார்போடு மார்பாக நின்று சுடுபவனுக்குக் குறி எதற்கு? தற்காப்பவனுக்கோ, மறைந்திருக்கும் ஆயுதம் எதிரியை அச்சுறுத்தி விலக்கவும் உதவாது. திடீரென்று பாய்ந்தவனை நிறுத்தவும் உதவாது.

வரலாறு இதற்குச் சான்று. 1865 ஏப்ரல் 14ஆம் திகதி நாடகசாலையில் லிங்கனின் பின்புறம் வந்து நின்றவனிடம் இருந்தது டெரிஞ்சர். 1914 ஜூன் 28ஆம் திகதி சரஜீவோவில் இரண்டு குண்டுகளால் உலகப் போருக்குத் திரியிட்டது பிரௌணிங் வகுத்த சிறு துப்பாக்கி. 1948 ஜனவரி 30ஆம் திகதி பிரார்த்தனைக்கு நடந்து சென்ற காந்தியடிகளின் மார்பில் மூன்று குண்டுகளைச் செலுத்தியது இத்தாலியப் பெரெற்றாத் துப்பாக்கி. கைகூப்பி வணங்கும் தூரத்தில் வந்து நிற்பவனுக்கு அதைவிட வசதியான கருவி வேறில்லை.

தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். 1967 ஜனவரி 12ஆம் திகதி நடிகர் எம். ஆர். ராதா, சென்னை இராமாவரத்து இல்லத்தில் எம். ஜி. ஆரைச் சுட்டார். ராதாவும் குண்டுக்காயத்துடனேயே மருத்துவமனைக்குச் சென்றார். இருவரும் உயிர் தப்பினர். ஒருவர் சிறைக்குப் போனார். மற்றவருடைய குரல் பின்னர் என்றுமே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பல்லாண்டுகள் ஒரே அரங்கிலே நடித்த இருவர், ஒரு வரவேற்பறையில் நாற்காலி தூரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நேர்ந்த கதி இது. அந்த அறையில் துப்பாக்கி இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? உரத்த பேச்சு நடந்திருக்கலாம், கைகலப்பும் நடந்திருக்கலாம். அதற்கு மேல் நடந்திராது.

இடதுசாரி அன்பர்கள் சிலர் இங்கே குறுக்கிட்டு, புரட்சியாளர்களும் கைத்துப்பாக்கி ஏந்தவில்லையா என்று கேட்பார்கள். ஏந்தினார்கள். 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சிப் புகைவண்டி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைப் பிரௌணிங் துப்பாக்கியாற் சுட்டார். பின்னர் தம்மையும் சுட்டுக்கொண்டார். 1928 டிசெம்பர் 17ஆம் திகதி லாகூரில் சாண்டர்ஸ் கொல்லப்பட்டபோது பகத் சிங்கின் கையிலிருந்தது .32 கோல்ட் துப்பாக்கி. அது இன்று ஓர் அரும்பொருட் காட்சியில் இருக்கிறது. அவர்களுடைய தியாகத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அந்தத் துப்பாக்கியை வணங்குமாறு பகத் சிங் நம்மைக் கேட்டதில்லை. புரட்சி என்பது குண்டையும் துப்பாக்கியையும் வழிபடும் சமயமன்று என்பதை 1929இல் நீதிமன்றத்தின் முன்னே அவர் தெளிவாக எடுத்துரைத்தார். தொழிலாளரையும் விவசாயிகளையும் திரட்டும் பொறுமையான வேலையே இளைஞர் செய்ய வேண்டியது என்பதைத் தம் இறுதி நாட்களில் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். அந்த ஆயுதம் எந்தப் பக்கமும் சுடும் என்பதையும் நாம் மறக்கலாகாது. 1918 ஆகஸ்ட் 30ஆம் திகதி மொஸ்கோவில் தொழிலாளர் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்த லெனினைச் சுட்டதும் கைத்துப்பாக்கிதான். அவருடைய உடலில் தங்கிய குண்டுகளில் ஒன்று 1922இலேதான் அகற்றப்பட்டது.

நமது தீவிலே இந்தச் சிறு ஆயுதம் என்ன செய்தது? 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி, பிரதமர் பண்டாரநாயக்கா தம் வீட்டு விறாந்தையில் ஒரு பிக்குவை வணங்கி நின்றபோது, அந்தக் காவியுடைக்குள்ளிருந்து சுழல் துப்பாக்கி வெளிப்பட்டது. காவியுடையை மக்கள் நம்பினார்கள். துப்பாக்கி அந்த நம்பிக்கைக்குப் பின்னே ஒளிந்திருந்தது. பிற்காலத்தில் கிழக்கு மாகாணத்தில் ‘பிஸ்டல் குறூப்’ என்ற சொல்லை மக்கள் தாழ்ந்த குரலில் உச்சரித்தார்கள். சாதாரணச் சட்டை அணிந்து சாதாரணச் சைக்கிளில் வருபவன் யார் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவில், மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்துக்குள், நற்கருணை பெற்றுத் திரும்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தோர் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர். கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டனை பெறவில்லை. சொறிக்கல்முனைக் கோயிலில் நத்தார்ப் பூசைக்கு நிற்கும் முதியவர் சிலர் இன்றும் வாசலைத் திரும்பிப் பார்ப்பதுண்டு. அவ்வாறு பார்ப்பதன் காரணத்தை அவர்கள் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

அண்மைய நிகழ்ச்சியையும் பாருங்கள். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தின் 5ஆம் இலக்க மன்றுக்குள் ஒரு விளக்கமறியற் கைதி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் வழக்கறிஞர் உடையில் வந்திருந்தான். சுழல் துப்பாக்கி உள்ளே வந்த வழி என்ன? சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களை நடுவே குடைந்து, அந்தக் குழியில் அதைப் பொதிந்து கொண்டுவந்தார்கள். எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்யத் துணியாத உவமை இது. சட்டத்தின் சொற்களை வெட்டி எறிந்தால் எஞ்சும் வெற்றிடத்தின் அளவு, சரியாக ஒரு கைத்துப்பாக்கியின் அளவு!

காவியுடை, பேராலயம், வழக்கறிஞர் மேலங்கி, சட்டப் புத்தகம். இவை யாவும் மனிதர் ஒருவரையொருவர் நம்புவதற்காகச் சமுதாயம் உண்டாக்கிய அடையாளங்கள். மறைத்து வைக்கக்கூடிய ஆயுதம் முதலிற் சுடுவது இந்த நம்பிக்கையைத்தான். மனிதனைச் சுடுவது அதன் பிறகே. நம்பிக்கை செத்த ஊரில் ஒவ்வொருவரும் மற்றவர் சட்டைப்பையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இரண்டு இனங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நமது கரையோரத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம்மிடம் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கும் பெண் ஒருத்தி வேறொரு கோணத்தில் வாதிட்டாள். “ஆண்களுக்கு வேண்டுமானால் அது வீண்பெருமையாக இருக்கலாம், சேர். இருட்டிய பின் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அது தேவை இல்லையா?” என்றாள். நியாயமான கேள்வி. இந்தியாவில் இதே கேள்விக்கு அரசாங்கமே ஒரு விடை கொடுத்துப் பார்த்தது. 2012 டிசெம்பரில் டில்லிப் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில், கான்பூரிலுள்ள அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்ற .32 சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. பெயரின் பொருள் அச்சமற்றது என்பது. எடை அரைக் கிலோ, கைப்பைக்குள் அடங்கும், நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்றார்கள். விலை ஒரு இலட்சத்து இருபத்திரண்டாயிரத்து முந்நூற்று அறுபது இந்திய ரூபாய்!

இந்த விலையைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். இரவுப் பேருந்தில் அஞ்சி அஞ்சிப் பயணம் செய்பவள் யார்? ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வருபவள், மருத்துவமனைத் தாதி, கடைச் சிப்பந்தி. அந்தப் பணத்தை அவள் எங்கே தேடுவாள்? அதை வாங்கக்கூடிய சீமாட்டியோ பேருந்தில் போவதில்லை. தெருவுக்கு விளக்கும், நேரத்துக்குப் பேருந்தும், முறைப்பாட்டை மரியாதையாகக் கேட்கும் பொலிஸும் தருவது அரசின் கடமை. அக்கடமையை ஒரு சரக்காக மாற்றிப் பெட்டியிலிட்டு விற்றால், காசுள்ளவள் பாதுகாப்பை வாங்கிக்கொள்வாள். காசற்றவள் தன் விதியை நொந்துகொள்வாள். தனியுடைமைச் சமுதாயம் அச்சத்தையும் விட்டுவைப்பதில்லை. அதற்கும் விலை குறித்துவிடுகிறது. நம் மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் முற்றாக ஒப்புக்கொண்டாள் என்று கூற மாட்டோம். “அந்த விளக்கும் பேருந்தும் வரும்வரை நான் என்ன செய்வது?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் நம் முன்னே நிற்கிறது; நமது சங்கங்கள் முன்னேயும் நிற்கிறது.

வீட்டுக்குள் அந்தத் துப்பாக்கி என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஆர்தர் கெல்லர்மனும் தோழர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, துப்பாக்கி உள்ள வீட்டில் ஒருவர் கொலையுண்ணும் அபாயம் அது இல்லாத வீட்டைப் போல் சுமார் 2.7 மடங்கு. கொலைகாரர்களில் மிகப் பலர் குடும்பத்தினர் அல்லது நெருங்கிப் பழகியவர்கள். தற்காப்புக்கென்று வாங்கிய பொருள் சாப்பாட்டு மேசைச் சண்டையிலும், கடன் தொல்லையால் தூக்கமற்ற இரவிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

‘சாக நினைப்பவன் எப்படியும் சாவான்’ என்பார்கள். இது தவறு என்பதை உலகுக்குக் காட்டியதே நமது இலங்கைதான். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் நமது நாடு உலகின் முன்வரிசையில் நின்றது. வயலுக்கு அடிக்கும் நஞ்சு ஒவ்வொரு குடிசையிலும் இருந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அதன்பின் இரண்டு தசாப்தங்களில் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மக்களின் துன்பம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. ஒரு கண நேர வெறியில் கைக்கெட்டும் கருவிதான் குறைந்தது. அந்தக் கணம் கடந்ததும் மனிதர்கள் வாழ்ந்தார்கள். நஞ்சுப் போத்தலுக்குப் பொருந்தும் நீதி துப்பாக்கிக்கும் பொருந்தும்.

ஹாஜியாரிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் நாம் சொல்லவில்லை. விண்ணப்பம் கேட்பது சட்டம் தந்த உரிமை. ஆகையால் எழுதித் தர மறுக்கவும் இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டுவோர் என்னென்ன காட்ட வேண்டும் என்று எடுத்துரைத்தோம். எங்கே வைப்பீர்கள், எப்படிப் பூட்டுவீர்கள் என்று மட்டும் கேட்டோம். பூட்டி வைத்தால் வழியிற் பயனில்லை. பூட்டாமல் வைத்தால் வீட்டில் ஆபத்து. அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார்.

சில நாட்கள் கழித்து வந்தவர், “வேணாம் மாஸ்டர்” என்றார். ஏன் என்று கேட்டோம். “நான் மில்லிலயிருந்து வந்தா, என்ட பேரப்புள்ள ஓடி வந்து நேரா இந்தப் பொக்கற்றுக்குள்ளதான் கையப் போடுவான். அவனுக்குண்டு நான் தினம் இனிப்பு வாங்கி வெச்சிருப்பன்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நமது யூல் கணக்கும் வரலாற்றுச் சான்றுகளும் செய்யாததை அந்த ஆறு வயதுக் கை செய்துவிட்டது. நெல் விற்ற பணத்தை வங்கி மூலமே விவசாயிகளுக்குக் கொடுப்பதென்றும், காசு கொண்டுபோக வேண்டிய நாட்களில் மூன்று ஆலைக்காரர்கள் சேர்ந்து பகல் வெளிச்சத்திலே ஒரே வாகனத்திற் போவதென்றும் அவர்கள் பேசி முடித்தார்கள். மூவரில் ஒருவர் தமிழர்.

சிறு செய்திதான். ஆயினும் அதில் ஒரு கோட்பாடு அடங்கியிருக்கிறது. தனித்து நின்ற மனிதனின் அச்சம் துப்பாக்கியைத் தேடியது. கூடி நின்ற மனிதர்களுக்கு அது தேவைப்படவில்லை. பாதுகாப்பு என்பது கூட்டுறவால் விளைவது.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்காப்புக்கென்று தனியாருக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. வரவேற்கத்தக்க செயல். ஆனால் அனுமதி பெற்றவற்றை எண்ணுவது எளிது. போர்க்காலத்திலே மூன்று தரப்பிலும் கைமாறி, இன்று பாதாள உலகின் கைகளிலிருக்கும் அனுமதியற்ற ஆயுதங்களை வெளிக்கொணர்வதே கடினம். சாட்சி சொல்பவனுக்குப் பாதுகாப்பும், கொன்றவனுக்குத் தண்டனையும் உண்டு என்று மக்கள் நம்பும் நாளில்தான் அது நடக்கும். பேராலயத்தில் நடந்த கொலைக்கே நீதி கிடைக்காத நாட்டில், ‘உன் துப்பாக்கியைக் கொடு’ என்று கேட்கும் அரசு, முதலில் ‘உன் வழக்கை நான் நடத்துகிறேன்’ என்று சொல்லக் கற்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களாகிய உங்களுக்கும் உரிய பங்கு ஒன்று உண்டு. திரைப்படச் சுவரொட்டியில் கதாநாயகன் கையிலிருக்கும் அந்தப் பளபளப்பான பொருளை நம் பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். அதைக் கண்டு சினந்து பயனில்லை. அது எத்தனை யூல், எத்தனை அங்குலம், யார் செய்தது, யார் விற்றது, யாரைக் கொன்றது, யாரைக் காப்பாற்றத் தவறியது என்று வகுப்பறையிலே மேசைமீது வைத்துப் பிரித்துக் காட்டுவோம். மறைவிலேதான் அதன் மாயம் இருக்கிறது. வெளிச்சத்தில் அது மூன்று கிராம் ஈயமும் கொஞ்சம் உருக்குமே.

சவளக்கடைச் சந்தியிலிருந்து ஊருக்கு வரும் பாதைக்கு நல்ல விளக்கு வேண்டும் என்று கிராம சங்கங்கள் கேட்கட்டும். மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு நேரத்துக்குப் பேருந்து வேண்டும் என்று பெற்றோர் கேட்கட்டும். தமிழ்ச் சங்கமும் முஸ்லிம் சங்கமும் ஒரே மனுவில் கையொப்பமிட்டுக் கேட்கட்டும். அந்த மனுவை எழுதித் தருவதற்கு நமது பேனா எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறது.